ஜப்பானியப் பெயருக்குப் பொருளும் பூர்வீகமும் கண்டுபிடிப்பது எப்படி

"யுக்கி என்றால் என்ன அர்த்தம்?" என்று இணையத்தில் தட்டினால் "பனி" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்துவிடும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பனியைக் குறிக்கும் எழுத்தைப் போட்டு யுக்கி என்று வாசிக்கலாம். நற்பேறு என்ற எழுத்தைப் போட்டும் அப்படியே வாசிக்கலாம். 'இருக்கிறது', 'நம்பிக்கை' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தாலும் அதே யுக்கிதான். ஒலி ஒன்று, அர்த்தம் மூன்று. இன்னும் தேடினால் இன்னும் வரும்.

மலேசியத் தமிழரான நம் கதை இதற்குத் தலைகீழ். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தார், லட்சுமி லெட்சுமி ஆனாள். ஐ.சி. என்ற அடையாள அட்டையில் இன்றைக்கும் இருப்பது அந்த ஒலி மட்டுமே, தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஜப்பானில் குடும்பப் பதிவேட்டுக்குக் கொசெக்கி என்று பெயர். அதில் எழுத்து இருந்தது, அதை எப்படி வாசிப்பது என்பது இல்லை. 2025 மே 26 முதல்தான் வாசிப்பையும் பதிய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு காலம் ஒருவர் பெயரின் ஒலி, சட்டப்படி பார்த்தால், பதிவேட்டுக்கு வெளியே இருந்தது.

ஆகவே பாடாங் செராயில் பஸ் ஏறிக் கூலிம் ஹைடெக் பார்க்குக்கு ஜப்பானியரோடு வேலை செய்யப் போகிறவரானாலும் சரி, சப்பான்காரன் காலத்துத் தாள் ஒன்றைப் பெட்டியடியில் வைத்திருக்கும் குடும்பமானாலும் சரி, பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவரானாலும் சரி, முதல் வேலை ஒன்றே: எழுத்தைக் கையில் வாங்குங்கள்.

எழுத்தை வாங்குவது

ஜப்பானிய மொழிக்கு மூன்று வகை எழுத்து. கத்தக்கானா கோணல் கோணலாக, நறுக்கி வைத்த குச்சி மாதிரி இருக்கும். ஹிரகானா வளைந்து நெளிந்து போகும். இந்த இரண்டும் ஒலியை மட்டுமே சொல்லும், பொருள் சொல்லாது. மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த கன்ஜி. (கஞ்சி என்று எழுதினால் பானைக்குள் போய்விடும். கன்ஜி என்றே வைத்துக்கொள்வோம்.) பொருள் இருப்பது இதில்தான்.

வேலையிடத்தில் எளிய வழி பெயர் அட்டை. ஒரு பக்கம் ரோமன், மறுபக்கம் கன்ஜி இருக்கும். இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கணம் படித்துவிட்டு மேசைமேல் வையுங்கள். வாங்கியதும் பின்பாக்கெட்டில் செருகுவது மரியாதை இல்லை. படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அட்டை இல்லாவிட்டால் "உங்கள் பெயருக்கு அர்த்தம் என்ன?" என்று கேட்காதீர்கள். சட்டென்று பதில் சொல்லத் தெரியாமல் பலர் சிரித்து மழுப்புவார்கள். "ஒ-நமயே வா தோ கக்கிமாசு கா?" என்று கேளுங்கள். 'பெயரை எப்படி எழுதுவீர்கள்?' என்று பொருள். இந்தக் கேள்வி அவர்களுக்குப் பழக்கமானது. "தம்போ நோ தா" என்பார் தனக்கா. 'தம்போ என்ற சொல்லில் வருகிற தா' என்று அர்த்தம், தம்போ என்றால் நெல்வயல். நாம் 'மயிலுக்கு வருகிற ம' என்று சொல்வது போலத்தான். பேனாவையும் தாளையும் நீட்டினால் எழுதியே காட்டிவிடுவார்.

தாளில் இருப்பதைக் கைப்பேசிக்குள் கொண்டுபோக இரண்டு வழி. கேமராவால் படிக்கும் செயலி அச்செழுத்தை நன்றாகவே பிடிக்கும். கையெழுத்து, முத்திரை, கல்வெட்டு என்றால் சொதப்பும். அப்போது விசைப்பலகையில் ஜப்பானியக் கையெழுத்து உள்ளீட்டைச் சேர்த்து, விரலால் வரையுங்கள். இதிலும் தவறு வருவது கோடு எண்ணிக்கையில். தனக்காவின் தா, நான்காகப் பிரித்த வயல் மாதிரி, பெட்டிக்குள் கூட்டல் குறி. பார்த்தால் ஆறு கோடு என்று தோன்றும். உண்மையில் ஐந்து. பெட்டியின் மேல்கோடும் வலப்பக்கக் கோடும் கையை எடுக்காமல் வளைத்து இழுக்கும் ஒரே கோடு. இடப்பக்கம் ஒன்று, மேலும் வலமும் சேர்ந்து ஒன்று, உள்ளே இரண்டு, கடைசியாக அடிக்கோடு. அகராதியில் கோடு எண்ணித் தேடுகிறவர்கள் ஆறில் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

எழுத்து கணினியில் ஏறியதும் ஜிஷோ என்ற இணைய அகராதியில் ஒட்டினால் ஒவ்வொரு எழுத்தின் பொருளும், கோடு எண்ணிக்கையும், பெயர்களில் மட்டும் வரும் தனி வாசிப்புகளும் கிடைக்கும். அந்தத் தனி வாசிப்புக்கு 'நனோரி' என்று பெயர். சாதாரண வாசிப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பெயருக்கான வாசிப்பு பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கும்.

சீனர் கடை டவுக்கேயிடம் (முதலாளியிடம்) காட்டலாமா? காட்டலாம். பொருள் சொல்வார், ஒலியை அவரிடம் கேட்காதீர்கள். தனக்காவை அவர் மாண்டரினில் 'தியன் சோங்' என்று வாசிப்பார். வயல், நடு என்ற பொருள் இரண்டும் சரி, பெயர் மட்டும் வேறு ஆள். 'சுஜி' என்ற குடும்பப்பெயரைக் காட்டினால் அவரே திகைப்பார். நாற்சந்தியைக் குறிக்கும் அந்த எழுத்து ஜப்பானில் உருவாக்கியது.

எங்கே வெட்டுவது

குடும்பப்பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. கன்ஜியில் எழுதும்போது இது மாறாது. ரோமனில் எழுதும்போது வெள்ளைக்காரன் வழக்கப்படி திருப்பிப் போடும் பழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் ஜப்பான் அரசின் ஆவணங்களில் ரோமனிலும் குடும்பப்பெயரே முன்னால், பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அது முழுக்கப் பெரிய எழுத்தில். நிறுவனங்கள் பல இன்னும் பழைய முறையில்தான் அச்சடிக்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

நான்கு எழுத்து இருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு. ஐந்து என்றால் மூன்றும் இரண்டுமாகவோ இரண்டும் மூன்றுமாகவோ பிரியும். மூன்று இருந்தால்தான் தலைவலி, ஒன்றும் இரண்டுமா, இரண்டும் ஒன்றுமா என்று தெரியாது. மொரி (காடு), ஹயஷி (தோப்பு) போன்ற ஒற்றை எழுத்துக் குடும்பப்பெயர்கள் உண்டு. மக்கொத்தோ போன்ற ஒற்றை எழுத்துச் சொந்தப் பெயரும் உண்டு. அட்டையில் நடுவே விட்டிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். நடுவில் கொக்கி போட்ட மாதிரி ஒரு சின்னக் குறி வந்தால் அது தனி எழுத்து ஆகாது, 'முன்னதை இன்னொரு தடவை வாசி' என்ற அடையாளம். சசக்கி என்ற பெயரில் அது வரும்.

பழைய ஆட்களின் பெயரில் இடையே 'நோ' என்று கேட்டால் அது 'உடைய' என்ற உருபு. எழுத்தில் வராது, வாசிப்பில் மட்டும் வரும்.

குடும்பப்பெயர்: ஊரும் நிலமும்

இங்கேதான் தமிழருக்கு வேலை சுலபம், நம் ஊர்ப்பெயர்களும் இதே வழியில் வந்தவை. நக்கமுரா என்றால் நடுவூர். நிஷிமுரா மேற்கே இருக்கும் ஊர், மேலூர் என்றே சொல்லிவிடலாம். இஷிக்கவா கல்லாறு. கொபயஷி சிறுதோப்பு. யமஷித்தா மலைக்குக் கீழே, யமமொத்தோ மலையடி. தக்கஹஷி உயர்ந்த பாலம். தனக்கா வயலுக்கு நடுவே இருந்தவன். இனொவே கிணற்றுக்கு மேல்புறம். அதன் முதல் எழுத்து கைப்பேசி எண்பலகையில் இருக்கும் ஹேஷ் குறியேதான், கிணற்றுச் சட்டத்தை மேலிருந்து பார்த்த உருவம்.

பத்துப் பதினைந்து எழுத்தைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால் பாதிப் பெயர்கள் அகராதி இல்லாமலே திறக்கும். மலை மூன்று முனையுள்ள முட்கரண்டி. ஆறு நிமிர்ந்த மூன்று கோடு. மரம் ஒன்று நின்றால் மரம், இரண்டு நின்றால் தோப்பு, மூன்று நின்றால் காடு. மரத்தின் தூரில் குறுக்கே சின்னக் கோடு போட்டால் மூலம், அடி. யமமொத்தோவில் வரும் 'மொத்தோ' அதுதான். பெட்டியை நட்ட நடுவில் ஒரு கோடு குத்திக் கிழித்தால் நடு.

பயிற்சிக்கு வீட்டு முன்னால் நிற்கும் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) போதும். ஹோண்டா நிறுவனரின் குடும்பப்பெயர்: மூலம், வயல். யமஹாவும் நிறுவனரின் பெயர்தான்: மலை, இலை. கவாசாக்கி: ஆறு, முனை. டயர் பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் அதற்குள்ளும் ஒரு ஜப்பானியப் பெயர் இருக்கிறது. 1931இல் அதைத் தொடங்கியவரின் குடும்பப்பெயர் இஷிபஷி, கல்பாலம். அதை ஆங்கிலத்தில் பெயர்த்து முன்பின்னாகத் திருப்பினார்கள். நாம் வெட்டிய ரப்பர் பால் போய்ச் சேர்ந்த டயரில் ஒரு கல்பாலம் இருந்தது என்று தாத்தாவுக்குத் தெரிந்திருக்காது. டொயோட்டாவின் கதை வேறு. குடும்பப்பெயர் டொயோடா. கத்தக்கானாவில் எழுதினால் அதற்குப் பத்துக் கோடு, 'டொயோட்டா' என்றால் எட்டு. எட்டு அங்கே ராசியான எண். கோடு எண்ணிப் பலன் பார்ப்பது ஜப்பானில் இன்றும் உண்டு, பிள்ளைக்குப் பெயர் வைக்க எண்கணிதக்காரரைத் தேடும் நமக்கு அது விநோதமாகத் தோன்றாது.

எழுத்து ஏமாற்றும் இடங்கள்

சுசுக்கியை எழுத்துப்படி பெயர்த்தால் 'மணி, மரம்'. மணிமரம் என்று எதுவும் இல்லை. கீ தீபகற்பத்தின் குமனோ பக்கம், அறுவடைக்குப் பிறகு வயலில் குவிக்கும் நெற்கதிர்ப் போருக்கு வழங்கிய பேச்சுச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஒலி முதலில் இருந்தது, அதற்குப் பொருந்துகிற எழுத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்தின் பொருள் வேறு, பெயரின் பூர்வீகம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இரண்டையும் தனித்தனி வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

'தோ' என்று முடியும் பெயர்களில் இது இன்னும் அழகாகத் தெரியும். சத்தோ, இத்தோ, கத்தோ, கொந்தோ, எந்தோ எல்லாவற்றுக்கும் கடைசி எழுத்து ஒன்றே: கொத்துக் கொத்தாக ஊதாப் பூ தொங்கும் ஃபுஜிக் கொடி. பதினெட்டுக் கோடு, எழுதவே கை வலிக்கும். 669இல் அரசர் வழங்கிய ஃபுஜிவரா என்ற குலப்பெயரின் முதல் எழுத்து அது. குலம் பெருகியதும் கிளைகள், தாம் இருந்த நாட்டின் அல்லது வகித்த பதவியின் ஓர் எழுத்தை முன்னால் சேர்த்துக்கொண்டன. இசே நாட்டு ஃபுஜிவரா இத்தோ. ககா நாட்டவர் கத்தோ. கொந்தோவை எழுத்துப்படி பார்த்தால் 'அருகு, கொடி', எந்தோ 'தொலைவு, கொடி'. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அருகு என்பது ஓமி நாடு, தலைநகருக்குப் பக்கத்தில் இருந்த பிவா ஏரி. தொலைவு என்பது தோதோமி நாடு, தூரத்தில் இருந்த ஹமனா ஏரி. தலைநகரிலிருந்து அளந்த தூரம் ஆயிரம் ஆண்டு கழித்தும் பெயரில் நிற்கிறது.

அதற்காகக் கத்தோ என்று பெயர் உள்ளவரெல்லாம் ஃபுஜிவரா வம்சம் என்று சொல்லிவிடாதீர்கள். சாதாரண மக்கள் குடும்பப்பெயரை வெளிப்படையாகப் பயன்படுத்த அரசு அனுமதித்தது 1870இல். எல்லோரும் கட்டாயம் வைத்தாக வேண்டும் என்றது 1875இல். அன்றைக்குப் புதிதாகப் பிடித்த பெயரும் உண்டு, ஊருக்குள் தலைமுறையாகப் புழங்கிவந்ததைப் பதிந்ததும் உண்டு, பெரிய வீட்டாரின் பெயரைத் தழுவிக்கொண்டதும் உண்டு. பெயரைக் கொண்டு பெயரின் பூர்வீகம் சொல்லலாம், ஆளின் பூர்வீகம் சொல்ல முடியாது.

மீதி வகைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஹத்தோரி நெசவாளர் கூட்டத்தின் பெயர். வத்தனபே ஒசாக்கா பக்கம் ஆறு கடக்கும் துறையாக இருந்த ஊரின் பெயர். பேய் விரட்டிய வத்தனபே நோ சுனா என்ற வீரனை வைத்து, பிப்ரவரியில் பேய்க்குப் பயறு எறியும் செத்சுபுன் நாளில் வத்தனபே வீட்டார் எறியத் தேவையில்லை, பேயே கிட்ட வராது என்பார்கள். அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கு வடிவங்கள் ஏராளம். தேடும்போது எளிய வடிவத்தைப் போடுங்கள், அவருக்குக் கடிதம் எழுதும்போது அவர் அட்டையில் இருக்கிற வடிவத்தையே போடுங்கள். ஹிகா, கின்ஜோ, ஷிமபுக்குரோ என்று கேட்டால் ஒக்கினாவாவை நினையுங்கள்.

விடுகதைப் பெயர்களும் சில உண்டு. 'சிறு பறவை விளையாடும்' என்று எழுதிவிட்டுத் தக்கனஷி என்று வாசிப்பார்கள். தக்கனஷி என்றால் வல்லூறு இல்லை. வல்லூறு இல்லாத இடத்தில்தானே சிட்டு விளையாடும்? 'நாலாம் மாதம் முதல் தேதி' என்று எழுதிவிட்டு வத்தனுக்கி என்பார்கள். குளிர் போய், உடுப்புக்குள் வைத்துத் தைத்த பஞ்சை உருவி எடுக்கும் நாள் அது, வத்தனுக்கி என்றால் பஞ்சுருவல். இப்படிப்பட்ட பெயரை எந்தச் செயலியும் எழுத்தெழுத்தாகப் பெயர்த்துக் கெடுத்துவிடும். முழுப்பெயராகவே தேட வேண்டும்.

சொந்தப் பெயர்: காலமும் பெற்றோர் மனசும்

பிறந்த வரிசை சொல்லும் பெயர்கள் எளிது. இச்சிரோ மூத்தவன், ஜிரோ இரண்டாமவன், சபுரோ மூன்றாமவன், ஷிரோ நான்கு, கொரோ ஐந்து. பெரியசாமி, சின்னசாமி என்று வைத்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. போதும்பொண்ணுக்கு ஜப்பானிய நிகர்கூட உண்டு: பழைய தலைமுறையில் தொமே (நிறுத்து), சுவே (கடைசி) என்று பெயருள்ள பாட்டிகள் இருந்தார்கள்.

குப்பனும் அங்கே இருக்கிறான். முதல் பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைத்தோம் இல்லையா? 1589இல் தனக்குப் பிறந்த மகனை, நாட்டையே கட்டியாண்ட தொயொதொமி ஹிதெயொஷி 'சுத்தே' என்று அழைத்தார், எறிந்தது என்று பொருள். அந்தப் பிள்ளை 1591இல் இறந்தது. 1593இல் அடுத்த மகன் பிறந்தபோது வைத்த செல்லப்பெயர் 'ஹிரோய்', பொறுக்கி எடுத்தது. எறிந்துவிட்டு எடுத்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை அரண்மனைக்குள்ளும் புகுந்திருக்கிறது.

காலத்தைக் கணிக்கச் சில கைப்பிடிகள் உண்டு. 'கோ' என்று முடியும் பெண் பெயர் ஒருகாலத்தில் உயர்குடிக்கு உரியது, பிறகு எல்லா வீட்டுக்கும் வந்து, போன நூற்றாண்டின் பிற்பாதியில் வேகமாகக் குறைந்தது. ஆகவே யோக்கோ, கெய்கோ என்றால் ஆள் கொஞ்சம் மூத்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பேரரசரின் ஆட்சிக்காலமான ஷோவா யுகம் தொடங்கியது 1926 டிசம்பர் 25. அந்த 'வா' எழுத்துக்கு இணக்கம் என்று பொருள், பெயரில் 'கஸு' என்றும் வாசிக்கும். அதனால் 1927க்குப் பிறகு கஸுக்கோக்கள் பெருகினார்கள். போர்க்காலத்தில் மசரு (வெற்றி), இசமு (வீரம்) நிறைந்தன. இன்றைய பிள்ளைகளிடம் ஒரே எழுத்துக்குப் பல வாசிப்பு. 'பெரிய', 'உயரப் பறத்தல்' என்ற இரண்டு எழுத்தை ஹிரொத்தோ, ஹருத்தோ, யமத்தோ, தைகா என்று வீட்டுக்கு ஒரு மாதிரி வாசிக்கிறார்கள். 2025 சட்டம் இதற்கும் ஒரு கடிவாளம் போட்டது: எழுத்துக்குச் சற்றும் பொருந்தாத வாசிப்பை இனிப் பதிய முடியாது.

ஆணா பெண்ணா என்பதை முடிவை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அக்கிஹிக்கோ 'கோ'வில் முடிந்தாலும் ஆண், அந்த 'ஹிக்கோ' வேறு எழுத்து. 607இல் சீனத்துக்குத் தூது போன ஒனோ நோ இமொக்கோவும் ஆண்தான். கட்சுமி, கவொரு, மக்கொத்தோ இருபாலுக்கும் வரும். மின்னஞ்சலில் ஐயா, அம்மா என்று போடத் தயக்கம் வந்தால் குடும்பப்பெயரோடு 'சான்' சேர்த்தால் போதும், அது பால் பார்க்காது. உங்கள் பெயருக்கு நீங்களே சான் போட்டுக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. சில எழுத்துகளை ஒலிக்காகவே சேர்ப்பார்கள். 'நா' என்ற ஒலிக்கு வைக்கும் எழுத்து அப்படிப்பட்டது, அதன் பொருளைத் தோண்டிப் பயனில்லை. பெயர் முழுக்க ஹிரகானாவில் இருந்தால் பெற்றோர் சொன்னால்தான் உண்டு.

தமிழில் எழுதும்போது

ரோமன் எழுத்து மறைப்பதைத் தமிழ் காட்டும். சிறுவெளி என்று பொருள்படும் குடும்பப்பெயரும் பெருவெளி என்று பொருள்படும் குடும்பப்பெயரும் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழும். தமிழில் முன்னது ஒனோ, பின்னது ஓனோ. குறிலும் நெடிலும் நம்மிடம் இருக்கும்போது ரோமனைப் பார்த்து எழுதுவானேன்? கேட்டு எழுதுங்கள். பனி யுக்கி, துணிச்சல் என்ற பொருளில் வருவது யூக்கி.

தமிழ் சறுக்கும் இடம் வல்லினம். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைக் க, த மென்மையாக ஒலிக்கும். தனகா என்று எழுதினால் படிக்கிறவர் வாயில் வேறு பெயர் வரும், தனக்கா என்று இரட்டித்தால் சரியாக இருக்கும். ஆங்கிலத்தின் வழியாக வந்த ட-வையும் தவிருங்கள், ஜப்பானிய ஒலி த-வுக்குத்தான் நெருக்கம். டோக்கியோ, டொயோட்டா என்று நிலைத்துப்போனதை இனி யாரும் திருத்தப் போவதில்லை, விட்டுவிடலாம். யமசக்கி, யமஜக்கி என்று இரண்டு விதமாகக் கேட்டால் குழம்ப வேண்டாம், எழுத்து ஒன்றே. இரண்டு சொல் சேரும்போது பின்சொல்லின் முதல் ஒலி மெலிவது அவர்கள் புணர்ச்சி. கவா, ஒகவாவில் மெலிந்து ஒலிப்பதும் அப்படித்தான், பொருள் மாறாது. எந்த ஒலி என்பதை மட்டும் ஆளிடமே கேளுங்கள்.

பழைய தாள், முத்திரை, கல்லறை

1941 டிசம்பர் 8இல் மலாயாவுக்குள் இறங்கிய ஜப்பானியப் படையின் தளபதி யமஷித்தாவின் பெயர் நம் பெரியவர்கள் காதில் இன்னும் ஒலிக்கும். அவருடைய சொந்தப் பெயர் தொமொயுக்கி. அதே இரண்டு எழுத்தை ஹோபுன் என்றும் வாசித்தார்கள். பழைய தாளில் ஹோபுன் என்று கண்டால் வேறு ஆள் என்று நினைக்க வேண்டாம்.

தாளில் முதலில் ஆண்டைப் பாருங்கள். 17, 18, 19, 20 என்று சின்ன எண் இருந்தால் அது ஷோவா ஆண்டு. 1925ஐக் கூட்டுங்கள்: 17 என்றால் 1942, 20 என்றால் 1945. 2602 போல நான்கு இலக்கம் இருந்தால் பேரரசு ஆண்டு. 660ஐக் கழியுங்கள், அதுவும் 1942. சிங்கப்பூருக்கு வைத்த ஷோனான் என்ற பெயரும் தாளில் வரலாம்: ஷோவாவின் முதல் எழுத்தும் தெற்கு என்ற எழுத்தும் சேர்ந்தது. அதை ஆள் பெயர் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

சிவப்பு வட்ட முத்திரையில் பெரும்பாலும் குடும்பப்பெயர் மட்டுமே இருக்கும், எழுத்தும் பழைய வளைவெழுத்து. மேலிருந்து கீழாகவும், இரண்டு வரிசை இருந்தால் வலமிருந்து இடமாகவும் வாசியுங்கள். கல்லறையில் மேலிருந்து கீழாகப் பெயர், அடியில் 'நோ ஹக்கா' என்ற இரண்டு எழுத்து. 'இன்னாருடைய கல்லறை' என்று பொருள். அந்த இரண்டையும் விட்டுவிட்டு மேலே உள்ளதைப் படியுங்கள். பாசி பிடித்த கல்லைச் சுரண்டக் கூடாது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படம் எடுத்தால் வெட்டிய கோடுகளில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும்.

பிள்ளைக்கு வைப்பதானால்

ஒலியைத் தேர்ந்த பிறகு அதற்கு ஒரு கன்ஜியையும் தேர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் 'அர்த்தம்' என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இராது. ஜப்பானில் பெயருக்கு எந்தக் கன்ஜியையும் போட்டுவிட முடியாது. பொதுப் புழக்கத்துக்கான 2136 எழுத்தும் பெயருக்கென்று ஒதுக்கிய 863 எழுத்தும்தான், அவற்றோடு ஹிரகானாவும் கத்தக்கானாவும். அந்தப் பட்டியலில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இங்கே பிறப்பைப் பதியும் தேசியப் பதிவிலாகாவான ஜே.பி.என். அலுவலகம் ரோமன் ஒலியை மட்டுமே பதியும் (ஜப்பானைக் குறிக்கும் மூன்றெழுத்தும் ஜே.பி.என்.தான் என்பது தற்செயல்). ஆகவே தேர்ந்த எழுத்தைத் தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள்.

கடைசியாக, பெயரைத் தமிழில் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். மரி அங்கே பெண்பிள்ளைப் பெயர், இங்கே கொஞ்சம் நீட்டிக் கூப்பிட்டால் மாரியாத்தா பெயராகி யாருக்கும் உறுத்தாது. உமா என்ற நம் பெயருக்கு அங்கே குதிரை என்று அர்த்தம். மமி மிக அழகான ஜப்பானியப் பெயர், உண்மை, அழகு என்ற இரண்டு எழுத்தில் எழுதலாம். ஆனால் முதல் எழுத்தைச் சற்று நீட்டிவிட்டால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை ஊரே மாமி என்று கூப்பிடும்.